வெயில் எறிக்குமா, அடிக்குமா?



யாழ்ப்பாணத்திலே வெயில் எறிக்கும். சென்னையிலே வெயில் அடிக்கும். இரண்டு ஊருக்கும் சூரியன் ஒன்றுதான். ஆனால் வெயில் என்ற பெயர்ச்சொல் தனக்குத் துணையாக எந்த வினைச்சொல்லை அழைத்துக்கொள்கிறது என்பதில் இரு ஊர்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு. நாங்கள் சைக்கிள் உழக்குகிறோம், அவர்கள் மிதிக்கிறார்கள். இங்கே உடுப்புத் தோய்ப்பார்கள். அங்கே துணி துவைப்பார்கள். இங்கே தலை இழுப்பார்கள். அங்கே தலை வாருவார்கள். எவரும் இலக்கண நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு இப்படிப் பேசத் தொடங்கவில்லை. பெரியவர்கள் பேசக் கேட்டுப் பழகியதே அன்றி வேறில்லை.

இவ்வாறு ஒரு சொல் வேறொரு சொல்லைத் துணையாக விரும்பி அழைத்துக்கொள்ளும் இயல்பைச் சொற்சேர்க்கை என்று மொழியியலாளர் குறிப்பிடுவர். மழை பெய்யும், காற்று வீசும், மின்னல் வெட்டும், பனி கொட்டும். 'காற்றுப் பெய்தது' என்று ஒருவர் எழுதினால் எழுவாயும் பயனிலையும் சரியாகவே பொருந்தியிருக்கும். திணையிலும் பாலிலும் பிழை காண முடியாது. இருந்தும் அது தமிழாகாது. அனுதாபம் ஆழ்ந்ததாக இருக்கும். கரகோஷம் பலத்ததாக இருக்கும். ஆழ்ந்த கரகோஷத்தையும் பலத்த அனுதாபத்தையும் நம் காது ஏற்பதில்லை.

காதே இல்லாத கணினி இதனை எவ்வாறு அறிந்துகொள்கிறது? மனிதர் பேசும், எழுதும் மொழியைக் கணினி கையாளும் துறையை இயற்கைமொழிச் செயலாக்கம் என்பர். அத்துறை எதிர்கொண்ட இந்த வினாவைப் பற்றியே இன்றைய உரையில் பேசலாமென எண்ணுகிறேன். இது கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று. தமிழை எழுதுகின்ற, வாசிக்கின்ற நம் எல்லோருக்கும் இதிலே பங்குண்டு என்பதை உரையின் முடிவில் நேயர்கள் உணர்ந்துகொள்வீர்கள்.

முதலில் நமது இலக்கணகாரர்கள் இதனைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். நன்னூலார் எடுத்துரைக்கும் ஏழு வகை வழுக்களுள் மரபு வழுவும் ஒன்று. யானை மேய்ப்பவனை இடையன் என்பதும், ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்பதும் உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணங்கள். தொல்காப்பிய மரபியல், இளமைப் பெயர்கள் ஒன்பதினை வகுத்து, எவ்வெவ் உயிருக்கு எவ்வெப் பெயர் உரியது என்று விரித்துரைக்கின்றது. கோழிக்குக் குஞ்சும், பசுவுக்குக் கன்றும், ஆட்டுக்குக் குட்டியும் என்று இன்றும் வகுப்பறைகளிலே சொல்லிக்கொடுக்கிறோம்.

கிளவியாக்கத்தில் இதனினும் நுட்பமான ஒரு விதி உண்டு. முழவைக் கொட்டுவர், குழலை ஊதுவர். இரண்டையும் ஒருங்கே சொல்லும்போது 'குழலும் முழவும் ஊதினார்' என்றால் முழவுக்கு அநீதி. 'கொட்டினார்' என்றால் குழலுக்கு அநீதி. ஆகவே இரண்டுக்கும் பொருந்தும் பொதுவினை ஒன்றைத் தேடி, 'இசைத்தார்' என்பது போலச் சொல்லவேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. இன்று மேலைநாட்டார் சொற்சேர்க்கை என்று ஆராயும் பொருளைத் தமிழிலக்கணம் மரபு என்ற பெயரால் முன்னரே கவனித்திருக்கின்றது எனலாம். ஆயினும் அந்த இலக்கணம் மரபைச் சுட்டிக்காட்டியதே தவிர, மொழியிலுள்ள சேர்க்கைகள் அனைத்துக்கும் பட்டியல் இடவில்லை. இடவும் முடியாது. எஞ்சியவற்றைக் காது பார்த்துக்கொண்டது.

மேற்கே இவ்வாய்வுக்கு வித்திட்டவர் ஜே. ஆர். பேர்த் என்ற ஆங்கில மொழியியலாளர். 1920களில் லாகூரிலே பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர்; பின்னர் இலண்டனில் மொழியியற் பேராசிரியரானவர். ஆடன் என்பவர் எழுதிய தமிழிலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் உச்சரிப்புப் பற்றிய பகுதியை எழுதியவரும் இவரே. ஆகவே நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். ஒருவரை அவரது கூட்டாளிகளைக் கொண்டு அறிவது போல, ஒரு சொல்லையும் அது கூடிப் பழகும் சொற்களைக் கொண்டே அறியவேண்டும் என்பது 1950களில் அவர் முன்வைத்த கருத்து. அவரது மாணவரான ஹலிடே 1966இல் இதற்கு ஓர் எளிய உதாரணம் காட்டினார். ஆங்கிலத்திலே தேநீர் 'ஸ்ட்ரோங்' ஆக இருக்கும்; கார் 'பவர்புல்' ஆக இருக்கும். இரண்டு சொற்களும் வலிமையையே குறிப்பன. எனினும் 'பவர்புல்' தேநீரை எந்த ஆங்கிலேயரும் கேட்டு வாங்குவதில்லை. நாமோ சாயம் கூடிய தேநீர் என்போம். சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வலிமையான தேநீர்' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

பேர்த் காலத்தில் இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கக் கருவி இருக்கவில்லை. அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ், குச்செரா என்ற இருவர், 1961இல் அச்சான ஆங்கில எழுத்துக்களிலிருந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகளைத் திரட்டி, 10 இலட்சம் சொற்கள் கொண்ட உரைத்தொகுதி ஒன்றைக் கணினிக்காக உருவாக்கினர். 1980களில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சின்கிளேயர் தலைமையில் ஏறத்தாழ 2 கோடிச் சொற்கள் திரட்டப்பட்டன. அவற்றை ஆராய்ந்து 1987இல் கோபில்ட் அகராதி வெளியாயிற்று. நாம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி அடுக்குவதில்லை. பாதி சமைத்து வைத்த தொடர்களையே பெரும்பாலும் எடுத்து ஆளுகிறோம் என்பது இவ்வாய்வுகளிலிருந்து சின்கிளேயர் கண்ட முடிவு.

இனிக் கணினியின் வேலைக்கு வருவோம். எந்த இரு சொற்கள் அடிக்கடி அடுத்தடுத்து வருகின்றன என்று எண்ணினால் போதாதா என நேயர்கள் கேட்கலாம். போதாது. ஒரு தமிழ்ப் பத்திரிகையை அவ்வாறு எண்ணினால் 'என்று கூறினார்', 'என்று தெரிவித்தார்' என்பனவே முன்வரிசையில் வந்து அமர்ந்துகொள்ளும். இவை எங்கும் திரிகின்ற சொற்கள். எவரோடும் சேர்ந்து காணப்படும். சந்தையிலே நூறு பேரோடு தோள் உரசுகிறவர் அத்தனை பேருக்கும் நண்பராகிவிடுவதில்லையே! தற்செயலாகச் சந்திப்பதையும் தேடிச் சென்று சந்திப்பதையும் பிரித்தறிய ஒரு முறை வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென்னத் சேர்ச் என்பவரும் அகராதி வல்லுநரான பற்றிக் ஹாங்ஸும், தகவற் கோட்பாட்டிலிருந்து ஓர் அளவையை எடுத்து 1990இல் வெளியான கட்டுரையில் இதற்குப் பயன்படுத்திக் காட்டினர். பரஸ்பரத் தகவல் அளவு என்று அதனைத் தமிழிற் கூறலாம். பெயர் அச்சமூட்டினாலும் கணக்கு எளியது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் 10 இலட்சம் சொற்கள். 'வெயில்' 200 தடவை வருகிறது. 'எறித்தல்' என்ற வினை, அதன் எல்லா வடிவங்களும் சேர்த்து, 50 தடவை வருகிறது. எல்லாச் சொற்களையும் ஒரு சாக்கிலே போட்டுக் குலுக்கி வரிசையாகக் கொட்டினால், வெயிலுக்கு அடுத்ததாக எறித்தல் எத்தனை தடவை வந்து விழும்? 200ஐ 50ஆற் பெருக்கி 10 இலட்சத்தால் வகுத்தால் நூறில் ஒரு பங்கு. அதாவது, சாக்கை நூறு தடவை குலுக்கிக் கொட்டினால் ஒரு தடவை அந்தச் சோடி கிடைக்கலாம். ஆனால் உண்மையான எழுத்திலே அது 20 தடவை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்த்ததிலும் 2,000 மடங்கு! இது தற்செயல் அன்று. இரண்டுக்கும் உறவு உண்டு என்று கணினி முடிவு செய்கிறது.

அதே தொகுதியில் 'இருந்தது' 5,000 தடவை வருகிறது எனக் கொள்வோம். வெயிலுக்கு அடுத்ததாக அது தற்செயலாகவே ஒரு தடவை வரவேண்டும். இரண்டு தடவை வந்திருந்தால் வெறும் இரண்டு மடங்கு. இம்மடங்குகளை 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையாக மாற்றி எழுதுவர். அப்போது 'வெயில் எறித்தல்' ஏறத்தாழ 11 புள்ளி பெறும். 'வெயில் இருந்தது' 1 புள்ளி பெறும்.

இந்த அளவையிலும் ஒரு குறை உண்டு. தொகுதி முழுவதிலும் ஒரேயொரு தடவை வந்த சொல்லுக்கு அருகே, அதுபோலவே ஒரேயொரு தடவை வந்த வேறொரு சொல் அமைந்துவிட்டால், கணக்குப்படி அச்சோடி எதிர்பார்த்ததிலும் 10 இலட்சம் மடங்கு என்றாகிவிடும். ஓர் அச்சுப்பிழை இன்னோர் அச்சுப்பிழைக்குப் பக்கத்தில் நின்றால் அதற்கே முடிசூட்டு விழா! ஆகவே மிகக் குறைந்த தடவைகள் வந்த சோடிகளை முதலிலேயே ஒதுக்கிவிடுவது வழக்கம். வேறு அளவைகளையும் துணைக்கு அழைப்பர். அவற்றுள் ஒன்று, உண்மையில் வந்த தொகையிலிருந்து எதிர்பார்த்த தொகையைக் கழித்து, வந்த தொகையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. அப்போது 20 தடவை வந்த சோடி ஏறத்தாழ நாலரைப் புள்ளி பெறும். ஒரு தடவை வந்தது ஒரு புள்ளியோடு நின்றுவிடும். அரிதாக வரும் சொற்களுக்கு ஏற்ற நுட்பமான வேறோர் அளவையை 1993இல் ரெட் டன்னிங் என்பவர் எடுத்துரைத்தார்.

ஆங்கிலத்துக்கு வகுத்த இந்த முறை தமிழுக்கு வரும்போது புதிய சிக்கல்கள் எழுகின்றன. ஆங்கில வினைக்கு ஒரு கைவிரல்களால் எண்ணக்கூடிய வடிவங்களே உண்டு. தமிழிலோ பெய்தது, பெய்கிறது, பெய்யும், பெய்யாமல், பெய்ததனால், பெய்துகொண்டிருந்தபோது என்று ஒரு வினையடி பல்கிப் பெருகும். இவை யாவும் 'பெய்' என்ற ஒன்றின் பிள்ளைகள் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால், அது ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாக எண்ணும், உறவு சிதறிப்போகும். ஆகவே பகுபதத்தைப் பிரித்துப் பகுதியையும் விகுதியையும் காணும் வேலையைக் கணினியும் செய்யவேண்டியிருக்கிறது. பகுபத உறுப்பிலக்கணம் படித்து என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களுக்கு இதனைச் சொல்லலாம்.

இன்னொரு சிக்கல், தமிழ்ச் சொற்கள் இடம்மாறி நிற்கும் உரிமை பெற்றவை. 'மழை நேற்று இரவு முழுவதும் பெய்தது' என்னும்போது மழைக்கும் பெய்தலுக்கும் நடுவே மூன்று சொற்கள் புகுந்துவிடுகின்றன. எனவே அடுத்த சொல்லை மட்டும் பாராமல், இருபுறமும் நாலைந்து சொற்கள் கொண்ட ஒரு சாளரத்தின் ஊடாகக் கணினி பார்க்கிறது. புணர்ச்சியும் ஒரு தொல்லை. ஒருவர் சேர்த்தும் மற்றவர் பிரித்தும் எழுதினால் கணினி குழம்பும்.

மரபுத்தொடர்கள் இன்னும் கடினமானவை. 'சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினான்' என்பதும் 'நம்பி வந்தவனைக் கைகழுவினான்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது வாக்கியத்தில் கை உண்மையாகவே கை. இரண்டாவதில் அது கைவிடுதல். எப்படிப் பிரித்தறிவது? இங்கேயும் கூட்டாளிகளே சாட்சி. அருகிலே தண்ணீர், சவர்க்காரம், சாப்பாடு போன்ற சொற்கள் நின்றால் முதலாவது பொருள். பொறுப்பு, நம்பிக்கை, நண்பன் போன்றவை நின்றால் இரண்டாவது. இன்னொரு சாட்சி உருபு. ஐயுருபு விரிந்து 'கையை' என்று வரும்போது பெரும்பாலும் நேர்ப்பொருள். தொக்கு நின்று இரு சொல்லும் ஒன்றாக இறுகும்போது மறைபொருளுக்கு இடமுண்டு. மூன்றாவது சோதனை, சொல்லை மாற்றிப் பார்ப்பது. கைக்குப் பதில் கரம் என்று வைத்து 'நம்பி வந்தவனைக் கரங்கழுவினான்' என்று எவரும் எழுதுவதில்லை. அவ்வாறு மாற்ற இடங்கொடாத சேர்க்கையே மரபுத்தொடர் என்று கணினியும் ஊகிக்கலாம்.

2013இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த மிக்கலோவ் குழுவினர் வெளியிட்ட முறை இந்தக் கணக்கை வேறொரு திசைக்குக் கொண்டுசென்றது. ஒவ்வொரு சொல்லும் எத்தகைய அயலவரோடு காணப்படுகிறது என்பதை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசையாகக் கணினி கற்றுக்கொள்கிறது. பானையும் சட்டியும் ஒரே வாக்கியத்தில் வராமற்கூட இருக்கலாம். ஆனால் இரண்டும் அடுப்பு, உலை, சோறு, கழுவுதல் என்ற ஒரே வகைக் கூட்டாளிகளோடு திரிவதனால், இரண்டின் எண்வரிசைகளும் அருகருகே அமைகின்றன. 2017இல் வகுக்கப்பட்ட புதிய அமைப்பு, வாக்கியத்திலும் பந்தியிலும் தொலைவில் நிற்கும் சொற்களையும் சேர்த்துப் பார்த்து, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணிக்க வழி செய்தது. இன்று கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித்தரும் பெரிய மொழிமாதிரிகள் இவ்வமைப்பின் மீதே எழுந்தவை. சாக்குக் கணக்கோடு ஒப்பிட்டால் இவற்றின் கணிதம் மிகவும் சிக்கலானது. ஆனால் அடிப்படை பேர்த் சொன்னதுதான்: சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறிதல்.

நமக்கெல்லாம் இதிலே பங்குண்டு என்று தொடக்கத்தில் கூறினேன். அது இந்த இடத்திலேதான்.

தமிழிலக்கணம் மரபை உயர்ந்தோர் வழக்கிலே கண்டது. யாருடைய வழக்கு ஏற்கத்தக்கது என்ற தெரிவு அதிலே உண்டு. கணினியின் எண்ணிக்கையிலோ அத்தகைய தெரிவு இயல்பாக இல்லை. நல்ல நாவலாசிரியர் ஒருவர் எழுதிய வாக்கியமும், அவசரமாகச் செய்த விளம்பர மொழிபெயர்ப்பும் அதற்குச் சமம். எது அதிகமாக வருகிறதோ அதுவே வழக்கு. 'குளித்தான்' என்று சொல்லவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தைப் பின்பற்றிக் 'குளியல் எடுத்தான்' என்று பலர் எழுதினால், கணினி அதனையும் நல்ல சேர்க்கையாகவே கற்கும். கற்றதைத் தன் கட்டுரைகளில் எழுதும். அக்கட்டுரைகள் இணையத்தில் ஏறும். நாளை வரும் கணினி அவற்றையும் எண்ணும். பிழை இவ்வாறு வட்டியும் முதலுமாகப் பெருகும்.

எண்ணிக்கையே நீதிபதியானால் சிறு தொகையினரின் வழக்குக்கு என்ன நேரும்? தமிழ் பேசுவோரில் மிகப் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டில் வாழ்கின்றனர். இணையத்தில் எழுதுவோரிலும் அவர்களே அதிகம். அங்கே வெயில் அடிப்பது அவர்களின் வழக்கு. அதிலே குறைகாண எதுவுமில்லை. ஆனால் ஆயிரம் அடித்தலுக்கு நடுவே பத்து எறித்தல் இருந்தால், ஒரு சொல்லை முன்மொழியும்படி கேட்கப்படும் கணினி அடித்தலையே நீட்டும். நமது பிள்ளை கைத்தொலைபேசியில் 'வெயில்' என்று தட்டியவுடன் அடுத்த சொல்லாக 'அடிக்கிறது' தோன்றினால், வீட்டிலே அம்மம்மா சொல்லும் 'எறிக்குது' பிழையோ என்று அப்பிள்ளை நினைக்கக்கூடும். உழக்குதலும், தோய்த்தலும், மட்டக்களப்பு வழக்குகளும், மலையகத்தின் வழக்குகளும் இதே நிலையில்தான் இருக்கின்றன. தடைசெய்யாமலே ஒரு வழக்கு மறையக்கூடும். எண்ணப்படாமல் விடப்படுவதே போதும்.

இதற்குப் பரிகாரமும் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளைத் தனியே குறியிட்டுப் பதிவு செய்தது. ஒரு வழக்கைச் சிறுபான்மை என்று தள்ளாமல், இன்ன இடத்துக்குரியது என்று அடையாளமிட்டு வைக்கலாம் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. கணினிக்கான உரைத்தொகுதிகளிலும் இவ்வாறு இடமும் காலமும் குறித்து வைத்தால், எறித்தலும் அடித்தலும் தத்தம் இடத்தில் வாழும். 2005ஆம் ஆண்டு தொடக்கம் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் பாதுகாத்து வருகின்றது. ஆயினும் படமாக எடுத்த பக்கத்தைக் கணினி ஒரு படமாகவே காணும். அதிலுள்ள சொற்களை எண்ண மாட்டாது. அப்படங்கள் எழுத்தாக மாற்றப்பட்டு, பிழை திருத்தப்பட்டால்தான் அந்தத் தமிழ் கணக்கில் சேரும். எழுத்துணரி மென்பொருள் அவ்வேலையில் ஒரு பங்கைச் செய்யும். மற்றப் பங்குக்கு வேண்டியவர், 'எறிக்குது' என்பதை அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடாத ஒருவர்.

அத்தகையோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாட்டார் பாடல்களைச் சேர்த்து வைத்திருப்போர், பழைய இதழ்களைக் கட்டி வைத்திருப்போர், கிராமத்துப் பேச்சைக் கதையாக எழுதுவோர் ஆகிய எல்லோருக்கும் இதிலே வேலையுண்டு. கணினி எண்ணட்டும், எண்ணுவது அதன் தொழில். எதை எண்ணவேண்டும் என்று எடுத்துக் கொடுப்பதும், எண்ணி முடிந்தபின் எது நல்ல தமிழ் என்று சொல்வதும் நம்முடைய தொழில். நேயர்களே, உங்கள் ஊரிலே மழைக்கும் வெயிலுக்கும் நிலவுக்கும் துணைவரும் வினைச்சொற்கள் எவை என்று இவ்வாரம் வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். மறக்காமல் அதனைத் தட்டெழுத்திலும் பதிவு செய்யுங்கள்.